கை காட்டினால் நிற்பதும், நின்றபின் நடப்பதும்

நம் சங்கங்களின் அங்கத்தினர் எவரும் இந்நாளில் சாலையில் இறங்காமல் தொழில் நடத்த இயலாது. நெசவாளர் நூல் சிப்பத்தை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறார். நெய்து முடித்த சேலைகளை மடித்துச் சங்கத்திற்கு எடுத்துச் செல்கிறார். கரும்பு விளைவிப்பவர் டிராக்டரில் பாரம் ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கோ கச்சிராயபாளையம் ஆலைக்கோ போகிறார். மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. நெல்லும் மணிலாவும் விற்பனைக் கூடத்திற்குப் போகின்றன. திருநாவலூரோ, உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலைக்கு அண்மையில் அமைந்த ஊர். அப்பெருஞ்சாலையிலிருந்து உளுந்தூர்ப்பேட்டையில் பிரிவதுதான் கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் செல்லும் சாலை. இத்தகைய கூடுமிடத்தில் போலீஸார் வண்டிகளை நிறுத்தித் தணிக்கை செய்வது வியப்பன்று. சங்க வேலையாகப் புறப்பட்ட நம்மவர் வழியில் ஒரு கை உயர்வதைக் காணாமல் ஊர் திரும்புவது அரிதாகி வருகிறது.

கை உயர்ந்த கணத்திலிருந்து "போகலாம்" என்ற சொல் வரும் வரை கழிவது பெரும்பாலும் ஐந்து நிமிஷம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அந்த ஐந்து நிமிஷம் ஒரு தொந்தரவாக மட்டுமே கழிந்துவிடுகிறது. எஞ்சிய ஒரு தடவையில் ஒரு நாள் கூலி போகலாம்; வண்டி போகலாம்; உயிரே போயிருப்பதையும் நம் அண்டையிலேயே கண்டிருக்கிறோம். ஆகவே அந்த ஐந்து நிமிஷத்தில் இரு தரப்பாரும் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள், எதைச் செய்ய உரிமையற்றவர்கள் என்பதை அறிந்துகொள்வது அங்கத்தினர்களுக்கு வேண்டுவதொன்று என எண்ணி இதனை எழுதுகிறோம்.

நம் பாட்டனார் காலத்திலும் இந்தத் தணிக்கை இல்லாமலில்லை. அக்காலத்தில் சைக்கிள்தான் நமது வாகனம். விளக்கில்லாமல் இரவில் சைக்கிள் விட்டாலும், பின்னால் ஓர் ஆளை ஏற்றி 'டபிள்ஸ்' போனாலும் போலீஸ்காரர் பிடிப்பார். தூரத்தில் சிவப்புத் தொப்பி தெரிந்ததும் பின்னால் இருப்பவர் குதித்து இறங்கி, ஒன்றும் அறியாதவர் போல் நடந்து வருவதும், போலீஸ்காரர் அதைப் பார்த்தும் பாராதவர் போல் சிரிப்பதும் அன்றைய வழக்கம். அந்த நாளைய வேகத்தில் அது விளையாட்டாகவே முடிந்தது. இன்றைய வண்டியின் வேகத்தில் அதே விளையாட்டை ஆடினால் முடிவு வேறாகிவிடுகிறது.

போலீஸார் எதற்காக நிறுத்துகிறார்கள் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். 2022ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்தியாவின் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் தமிழ்நாட்டில் மாண்டவர்கள் 17,884 பேர். அறுவடைக் காலத்தில் பின் விளக்கும் சிவப்பு வில்லையும் இல்லாமல் கரும்பு டிராக்டர் இருளில் ஓரமாக நிற்க, பின்னால் வந்தவர் அதில் மோதி இறந்த செய்தி நம் வட்டாரத்தில் யாருக்கும் புதிதன்று. அந்த டிராக்டரை முன்கூட்டியே ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "விளக்கைப் போட்டுக்கொண்டு போ" என்று சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

இனி, தவறிப்போன இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லவேண்டியிருக்கிறது. முதலாவது நம் கல்வராயன் மலையின் மறுபுறத்து அடிவாரத்தில் நடந்தது. 2021ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி. கொரோனா ஊரடங்கு நடந்துகொண்டிருந்த காலம். சேலம் மாவட்டத்தில் மதுக்கடைகள் மூடியிருந்தன; கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் திறந்திருந்தன. இடையப்பட்டியைச் சேர்ந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் நண்பர்களுடன் மோட்டார் சைக்கிளில் இப்பக்கம் வந்து குடித்துவிட்டுத் திரும்புகையில், பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச் சாவடியில் ஏத்தாப்பூர்ப் போலீஸார் அவர்களை நிறுத்தினர். வாய்ச்சண்டை மூண்டது. சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் லத்தியால் அவரை அடித்தார். அவர் சாலையிலேயே சாய்ந்தார். மறுநாள் உயிர் துறந்தார். அடித்த காட்சியை அருகிலிருந்தவர் கைபேசியில் படம் எடுத்திருந்ததால் மாநிலம் முழுவதும் கண்டது. அந்த உத்தியோகஸ்தர் கைது செய்யப்பட்டார். இறந்தவர் குடும்பத்திற்கு முதலமைச்சர் 10 லட்ச ரூபாய் உதவி அறிவித்தார்.

இரண்டாவது அதற்கு மூன்றாண்டு முன்னர், 2018ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி இரவு, திருச்சிக்கு அருகே துவாக்குடியில் நிகழ்ந்தது. கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் தஞ்சைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்கள். கணவர் தலைக்கவசம் அணியவில்லை. தணிக்கையில் வண்டி நிற்காமல் போயிற்று என்று ஓர் இன்ஸ்பெக்டர் தம் வண்டியில் துரத்திச் சென்று, ஓடும் வண்டியை உதைத்தார். பின்னால் அமர்ந்திருந்த பெண் கீழே விழுந்து இறந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் அன்றிரவே திருச்சி–தஞ்சாவூர்ச் சாலையை மறித்து நின்றனர். அந்த இன்ஸ்பெக்டரும் கைதானார்.

அந்நாளில் தலைக்கவசம் அணியாத குற்றத்திற்கு முதல் தடவை அபராதம் 100 ரூபாய். ஒரு நூறு ரூபாய் ரசீதில் முடிந்திருக்கவேண்டிய காரியம் அது. பாப்பநாயக்கன்பட்டியிலும் அப்படித்தான்: குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குற்றம் என்றால் அதற்கு மூச்சுச் சோதனை உண்டு, கோர்ட்டு உண்டு, தண்டனை உண்டு, லத்தி அந்த வரிசையில் எங்கும் இல்லை. இரண்டிலும் கொடுமை செய்தவர் போலீஸ் உடுப்பில் இருந்தவரே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பழியை இறந்தவர் மேல் ஏற்றுவது அநியாயம். ஆயினும் உயிரோடிருக்கும் நாம் அவற்றிலிருந்து அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. முதல் நிகழ்ச்சி முற்றியது நடுச்சாலையில் நடந்த வாக்குவாதத்தில். இரண்டாவது முற்றியது ஓடும் வண்டியைத் துரத்தியதில். நின்று, இறங்கி, பேச்சைச் சுருக்கிக்கொண்ட இடத்தில் ஆபத்து இவ்வளவு எளிதில் நுழைவதில்லை.

நிற்பதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே இன்றும் நடப்பிலுள்ளது; 2019இல் அது பெரிதும் திருத்தப்பட்டது. போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் போலீஸார் காட்டும் சைகைக்குக் கீழ்ப்படிவது அதன் 119ஆம் பிரிவுப்படி வண்டியோட்டியின் கடமை. உடுப்பணிந்த போலீஸ் உத்தியோகஸ்தர் எவரும் கேட்டால் லைசென்ஸைக் காட்டவேண்டும் என்பது 130ஆம் பிரிவு. 'உடுப்பணிந்த' என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். சாதாரணச் சட்டையில் வந்து காகிதங்களைக் கேட்பவரிடம் அடையாள அட்டையை மரியாதையாகக் கேட்பதில் குற்றமில்லை. இரவில் ஆளரவமற்ற இடத்தில் ஐயம் தோன்றினால், 100 அல்லது 112 என்ற எண்ணுக்குப் பேசி, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கிலோ சுங்கச் சாவடியிலோ நிறுத்தலாம்.

இதே சட்டத்தின் 132ஆம் பிரிவில் நம் விவசாயிகள் அறிந்தால் மகிழத்தக்க ஒரு வாசகம் உண்டு. மாட்டை ஓட்டிச் செல்பவர், வண்டியைக் கண்டு மாடு மிரளும் என்று அஞ்சி நிறுத்தச் சொன்னால், மோட்டார் வண்டிக்காரர் நிறுத்தியே ஆகவேண்டும். சாலையில் கை காட்டும் அதிகாரம் போலீஸாருக்கு மாத்திரம் உரியதன்று. உழவு மாடு பிடித்துச் செல்லும் நம் ஆளுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. மாட்டுக்காரர் கை காட்டும்போது ஹாரனை அமுக்கிக்கொண்டு நெருங்குகிறவர்தாம் போலீஸார் கை காட்டும்போதும் முறைத்துக்கொள்கிறார் என்பது எம் அனுபவம்.

நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு. கையைக் கண்டவுடன் சடாரெனப் பிரேக்கை அழுத்தலாகாது. பின்னால் லாரி வரும். இடப்புறம் திரும்பும் விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, தார்ச் சாலையை விட்டு ஓரமாக மண்ணில் இறக்கி நிறுத்தவேண்டும். பாரம் ஏற்றிய டிராக்டர் உடனே நிற்காது என்பது போலீஸாருக்கும் தெரியும். சற்றுத் தள்ளிப் போய் நின்றாலும், கையை அசைத்து 'நிற்கிறேன்' என்று காட்டினால் ஓடுகிறான் என்ற எண்ணம் வராது. எஞ்சினை அணைத்து, இரவானால் உள் விளக்கைப் போட்டு, மோட்டார் சைக்கிளானால் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டவேண்டும். காதில் மாட்டிய கருவியை எடுத்துவிடுவதும், பேசிக்கொண்டிருந்த கைபேசியை நிறுத்துவதும் மரியாதை. மடியிலோ பையிலோ சட்டென்று கையை விடாமல், "லைசென்ஸ் பையில் இருக்கிறது, எடுக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு எடுப்பது நலம். பின்னால் அமர்ந்திருப்பவர் முந்திக்கொண்டு பேசலாகாது. பல தகராறுகள் வண்டியோட்டியால் அன்றிக் கூட வந்த மைத்துனராலேயே வருகின்றன.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இதில் ஒரு வேறுபாட்டை அவர்களுக்குச் சொல்லிவைக்கலாம். இங்கே நாம் இறங்கிச் சென்று காகிதங்களைக் காட்டுவது பணிவாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவிலோ, சொல்லாமல் வண்டியை விட்டு இறங்குவதே மிரட்டலாக எண்ணப்படும். அங்கே இருக்கையிலேயே அமர்ந்து, இரு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் தெரியும்படி வைத்திருக்கவேண்டும். 2016 ஜூலை 6ஆம் தேதி மின்னசோட்டா மாநிலத்தில், பள்ளிக்கூட உணவு விடுதியில் வேலை பார்த்த கறுப்பினத்தவர் ஒருவர் அவ்வாறு அமர்ந்தபடியே, தம்மிடம் அனுமதி பெற்ற துப்பாக்கி இருப்பதையும் தாமாகவே சொல்லியும், போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை மறு ஆண்டு நடுவர் குழு விடுதலை செய்தது. பணிவு எப்போதும் காக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை.

காகிதங்களுக்கு வருவோம். லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இவையே நம் போன்றோர் வைத்திருக்கவேண்டியவை. சரக்கு வண்டியானால் பெர்மிட்டும் தகுதிச் சான்றும் சேரும். 2018ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டதன் பின், இவற்றைக் காகிதமாகவும் காட்டலாம், கைபேசியில் மின்னணு வடிவிலும் காட்டலாம். அரசாங்கத்தின் டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற செயலிகளில் உள்ளவை அசலுக்குச் சமம். கைபேசியால் எடுத்த வெறும் புகைப்படம் அப்படி ஆகாது. நம்மவர் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். செயலியில் சேர்க்கத் தெரியாத முதியவர்களுக்குச் சங்க அலுவலகத்தில் யாராவது ஓர் இளைஞர் பத்து நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடலாம்.

அசல், நகல் என்று பேச்சு வந்ததும் திருநாவலூரார் யாருக்கும் ஒரு கதை நினைவுக்கு வராமல் இராது. நம் ஊரில் பிறந்த சுந்தரமூர்த்தி நாயனாரை மணப் பந்தலிலேயே ஒரு கிழவர் வழிமறித்தார். "உன் பாட்டன் எழுதித் தந்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்றார். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. அவரைப் பித்தன் என்றார். ஓடிப் பிடித்து ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழவர் அசையவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார். வழக்கு வெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது. பாட்டனார் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பு நோக்கி, சபையார் கிழவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். வந்தவர் இறைவனே என்பது பக்தர்கள் அறிந்தது. தணிக்கையில் நிற்கும் நமக்கு அக்கதையிலிருந்து கிடைப்பது சிறியதோர் உலக விஷயம்: போலீஸார் கையிலுள்ள காகிதத்தைப் பறிப்பதாலும், அபராதச் சீட்டைக் கிழித்து எறிவதாலும் வழக்கு ஒழிவதில்லை. இன்று மூலவோலை கணிப்பொறியில் இருக்கிறது. அபராதம் தவறு என்று தோன்றினால் அதற்குரிய சபை வேறிடத்தில் உண்டு. ஸ்தலத்தில் பணம் கட்ட மறுத்துக் கோர்ட்டில் வாதிடும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

சுந்தரர் சொன்ன 'பித்தன்' என்ற சொல்லும் கவனிக்கத் தக்கதே. நம் தமிழில் ஒரு எழுத்தில் மரியாதை இருக்கிறது, ஒரு எழுத்தில் அவமதிப்பு இருக்கிறது. பேரப் பிள்ளை பெற்ற விவசாயியை இருபத்தைந்து வயதுக் காவலர் "யோவ், இங்கே வா" என்று கூப்பிடும்போது, அந்தப் பெரியவர் உள்ளத்தில் கொதிப்பது அபராதத் தொகைக்காக அன்று. அதுபோலவே, வெயிலில் எட்டு மணி நேரம் நின்ற பெண் காவலரை, காலேஜில் படிக்கும் பிள்ளை "என்னம்மா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பதும் உண்டு. சட்டப் புத்தகத்தில் நீ, நீங்கள் என்ற பாகுபாடு இல்லை. ஆனால் சாலையோரச் சண்டைகளுக்கு அதுவே முதற் காரணம். அவர் ஒருமையில் பேசினாலும் நாம் பன்மையில் பேசுவது கோழைத்தனம் என்று இளைஞர்கள் கருதவேண்டாம். "ஐயா, நான் உங்களுக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசுகிறேன்" என்று ஒரு முறை நிதானமாகச் சொல்லிப் பார்த்தால், பெரும்பாலான உத்தியோகஸ்தர்கள் அடுத்த வாக்கியத்தில் தம்மைத் திருத்திக்கொள்கிறார்கள். திருத்திக்கொள்ளாதவரின் பெயர் அவர் மார்பில் எழுதியிருக்கும். அதை மனத்தில் குறித்துக்கொண்டு வரலாம்.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் அபராதத் தொகைகள் உயர்ந்துவிட்டன. தலைக்கவசமின்மைக்கு 1,000 ரூபாய். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. இன்ஷூரன்ஸ் இல்லாவிடில் முதல் முறை 2,000. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிடில் 10,000. ஒரு நெசவாளரின் பல நாள் கூலி ஒரு சீட்டில் போய்விடும். தொகை பெரிதானதால், "ஐந்நூறு கொடுத்துவிட்டுப் போ" என்ற ஆசை காட்டலும் சில இடங்களில் நுழைந்துவிட்டது. "ஐந்நூறை வைத்துக்கொள்ளுங்கள்" என்று நம்மவரே முந்திக்கொள்வதும் உண்டு. ரசீதில்லாத பணம் லஞ்சம், கொடுப்பவரும் குற்றவாளி. ஸ்தலத்தில் அபராதத்தைத் தீர்க்கும் அதிகாரம் எல்லாக் காவலருக்கும் இல்லை, அரசாங்கம் குறிப்பிட்ட பதவியிலுள்ளோர்க்கே உண்டு. அவர்கள் தரும் மின்னணுச் சீட்டில் வண்டி எண், குற்றம், தொகை, நேரம் எல்லாம் வரும். கையில் பணமில்லை என்றால் சீட்டைப் பெற்றுக்கொண்டு வந்து, பின்னர் இணையத்தில் கட்டலாம்.

வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வது ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது. அதற்கென்று மோட்டார் வாகனச் சட்டத்தில் வாசகம் ஏதுமில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாமல், உரிய வயதில்லாமல், பதிவில்லாமல், பெர்மிட் இல்லாமல் ஓட்டப்பட்ட வண்டியைப் பிடித்து வைக்க 207ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. லைசென்ஸைக் கைப்பற்றினால் அதற்கு ஒப்புகைச் சீட்டுத் தரவேண்டும் என்பது 206ஆம் பிரிவு. ஆகவே சாவிக்காகக் கையைப் பிடித்து இழுப்பதை விட, "வண்டியைப் பிடித்து வைக்கிறீர்களா ஐயா? அப்படியானால் சீட்டுக் கொடுங்கள்" என்று கேட்பதே பயன் தரும். கேள்வி சட்டத்தோடு வந்துவிட்டால் சாவியும் பல சமயம் திரும்பி வந்துவிடுகிறது.

குடி பற்றி நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். மூச்சுக் கருவியில் ஊத மறுத்தால், அந்த மறுப்பே கோர்ட்டில் எதிரான சாட்சியாகக் கொள்ளப்படும். நம் மாவட்டத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் துயரத்திற்குப் பின் கல்வராயன் மலைப் பாதைகளில் வண்டித் தணிக்கை கடுமையாயிற்று. மலையிலிருந்து கடுக்காயும் தேனும் மரவள்ளியும் கொண்டு வரும் மலையாளிப் பழங்குடியினர், மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்லும்போது அவமானப்படுவது இயற்கை. மதுவிலக்குச் சட்டப்படி சோதிக்க அதிகாரம் உண்டு. மூட்டையைத் தெருவில் கொட்டிவிட்டுப் போக எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெண்ணின் உடலைச் சோதிப்பதானால் பெண்ணே, நாகரிகம் குன்றாமல், சோதிக்கவேண்டும். புதுச்சேரி நமக்கு அருகே இருப்பதால் அங்கிருந்து மலிவாகப் புட்டி வாங்கி வருவோர்க்கும் இச்சட்டம் பொருந்தும். சரக்கு வண்டியில் அகப்பட்டால் வண்டியே பறிபோகக்கூடும்.

புதுச்சேரி என்றதும் சரக்கு பற்றிய ஒரு விஷயம். அங்கே சேலைக் கட்டு அனுப்பினால் அது மாநில எல்லையைக் கடந்ததாகும். வரிக்குரிய சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் அந்த வரம்பு ஒரு லட்சம். இதைத் தணிக்கை செய்பவர் வணிகவரி உத்தியோகஸ்தர், போலீஸார் அன்று. அதற்கும் மேலாக நம் சங்கங்களை வருத்துவது தேர்தல் காலம். தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து பறக்கும் படையினர் சாலையில் நின்று, 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கொண்டு செல்லும் ரொக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். சந்தையில் மாடு விற்றவர், மணிலா விற்றவர், நெசவாளர்க்குக் கூலி கொண்டு வருபவர் எல்லோரும் இதில் அகப்படுவதுண்டு. பிடித்த பணத்திற்கு ரசீதும், முறையிடும் வழியும் கொடுக்கவேண்டும். மாவட்டத்தில் மூன்று உத்தியோகஸ்தர்கள் கொண்ட குறை தீர்க்கும் குழு ஒன்று இருக்கும். விற்ற சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் காட்டி அங்கே திரும்பப் பெறலாம். ஸ்தலத்தில் அழுது புரள்வதால் பணம் வராது. சீட்டு இருந்தால் வரும்.

பதினெட்டு வயது நிறையாத பையனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, "கடைக்குப் போய் வா" என்று அனுப்பும் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. 2019இல் சேர்ந்த 199ஏ பிரிவின்படி அந்தக் குற்றத்திற்குப் பொறுப்பாளி பெற்றோரும் வண்டிக்காரருமே: 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அகப்பட்டுவிடுவோம் என்ற பயத்தில் அந்தப் பிள்ளை நிற்காமல் ஓட்டுவான் என்பதுதான் தண்டனையை விட அஞ்சத்தக்கது.

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் என்ன செய்வது? முதலில், இது கைதா என்று கேட்கவேண்டும். கைது என்றால் அதற்கு முறைகள் உண்டு. மேற்கு வங்காளத்தில் போலீஸ் காவலில் நேர்ந்த மரணங்களைக் குறித்து டி.கே. பாசு என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அவற்றை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவை இடம் பெற்றிருக்கின்றன. கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரியவேண்டும், கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திடவேண்டும், காரணத்தைச் சொல்லவேண்டும், நாம் குறிப்பிடும் ஒருவருக்குத் தகவல் தரவேண்டும், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்டிரேட் முன் கொண்டு போகவேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் விசேஷ காரணமின்றிக் கைது செய்யலாகாது. இவற்றைச் சாலையில் நின்று உரக்கப் படிப்பதால் பயனில்லை. அருகிலிருக்கும் ஒருவரிடம் தம் பெயர், ஊர், வீட்டுக் கைபேசி எண் மூன்றையும் சொல்லிவிட்டுப் போவதே அந்த நேரத்தில் ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் சிறந்த வழி.

அடியோ வசவோ நேர்ந்திருந்தால், திரும்பி வந்ததும் முதல் வேலை அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று காயத்தைப் பதிவு செய்வது. இரண்டாவது, இடம், நேரம், வண்டி எண், உத்தியோகஸ்தர் பெயர், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வைப்பது. மனுவை மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குக் கொடுக்கலாம். ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள மாநில மனித உரிமை ஆணையத்திற்கும் அனுப்பலாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர், காவலில் இருப்போர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பணம் வாங்காமல் வக்கீல் தருகிறது. அதன் எண் 15100.

சங்கங்கள் செய்யக்கூடிய உதவியும் ஒன்றுண்டு. கூலிப் பணமோ நூலோ சேலையோ எடுத்துச் செல்லும் அங்கத்தினர் கையில், சங்க முத்திரையும் செயலாளர் கையெழுத்தும் கொண்ட ஒரு கடிதம் இருக்கட்டும்: எடுத்துச் செல்பவர் பெயர், வண்டி எண், சரக்கின் அளவு அல்லது பணத்தின் தொகை, எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி, கேட்கவேண்டுமானால் சங்கத்தின் தொலைபேசி எண். இதன் படியொன்று சங்கத்து ஏட்டிலும் ஒட்டப்படவேண்டும். கையால் எழுதிய கடிதத்தை விட அச்சிட்ட தாளுக்குச் சாலையில் மதிப்பு அதிகம். நூறு தாள் கொண்ட புத்தகம் ஒன்று அச்சடிக்கும் செலவை, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைத்து அனுமதி பெறலாம்.